வித்துரா வளாகமும் பல்பண்பாட்டுக் கல்வியும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் அமைந்துள்ள ஊர் வித்துரா. ரப்பர்த் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த இவ்வூரின் ஒரு புறத்தில் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம் உள்ளது. மற்றொரு புறத்தில் வாமனபுரம் ஆற்றின் கிளையாகிய கல்லாறு ஓடுகிறது. மலைமேல், ஆங்கிலேயர் காலத்தில் தோன்றிய போனக்காடு தேயிலைத் தோட்டத்திற்குத் தலைமுறைகளுக்கு முன்பே தமிழ்த் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தனர். காட்டோரத்தில் காணிக்காரர் எனப்படும் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. சிற்றூர் ஒன்றின் எல்லைக்குள்ளேயே மலையாளம், தமிழ், காணிக்காரரின் மலம்பாஷை என மூன்று பேச்சு வழக்குகள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன.

இவ்வூரில் ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது திருவனந்தபுரம் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். ஐசர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவ்வகை நிறுவனங்கள் ஏழு. புணேயிலும் கொல்கத்தாவிலும் 2006-லும், மொகாலியில் 2007-லும், போபாலிலும் திருவனந்தபுரத்திலும் 2008-லும், திருப்பதியில் 2015-லும், பெர்ஹாம்பூரில் 2016-லும் இவை தொடங்கப்பட்டன. திருவனந்தபுர நிறுவனம் தொடக்க ஆண்டுகளில் நகரின் பொறியியற் கல்லூரி வளாகத்தில் இயங்கிப் பின்னர் வித்துராவுக்குப் பெயர்ந்தது. இங்கு மாநில வாரியான ஒதுக்கீடு கிடையாது. அகில இந்திய அளவில் தேர்வு நடைபெறுகிறது. பட்டியல் சாதியினர்க்கு 15 சதவீதமும், பழங்குடியினர்க்கு 7.5 சதவீதமும், இதர பிற்பட்ட வகுப்பினர்க்கு 27 சதவீதமும், 2019 முதல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்க்கு 10 சதவீதமும் மத்திய அரசின் விதிகளின்படி ஒதுக்கப்படுகின்றன. பதினெட்டு வயதில் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் புறப்பட்டு வரும் ஒரு மாணவர், பெருநகரம் எதுவும் எளிதில் எட்டாத இம்மலையடிவாரத்தில் ஐந்தாண்டுகள் தங்கிப் பயில்கிறார்.

இவ்வாறு பல மொழியினரையும் பல வகுப்பினரையும் ஓரிடத்தில் சேர்த்துவைப்பதால் கல்விக்கு விளையும் நன்மை யாது? ஒருமைப்பாட்டுக்கு உதவும் என்ற விடை பல மேடைகளில் கேட்டுப் பழகியது, அது தவறன்று. எனினும், பொதுப்பணத்தைச் செலவிடும் நிர்வாகியும், தம் இளமையின் ஐந்தாண்டுகளைச் செலவிடும் மாணவரும் அவ்விடையுடன் நின்றுவிட இயலாது. எவ்வகையான நன்மை, எந்த நிபந்தனைகளின்கீழ், யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்டறிய அவர்களுக்கு உரிமை உண்டு.

கொள்கையின் வேர்கள்

மாணவர் சேர்க்கையில் இடங்களைப் பல பிரிவினர்க்குப் பங்கிட்டு வழங்குவது இந்நிலப்பகுதிக்குப் புதியதன்று. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலையை நிறுவினான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், முஞ்சிறைக்கு அருகில் உள்ள ஊர் அது. காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அக்கல்விச்சாலையில் 95 மாணவர்க்கு இடம் இருந்தது. அவ்விடங்கள் வெவ்வேறு வேத மரபினர்க்கு 45, 36, 14 எனப் பிரிக்கப்பட்டிருந்தன என்றும், மாணவர் மூன்று அரசுகளின் நடைமுறைகளை அறிந்திருக்க வேண்டும் என்றும் அம்மன்னனின் செப்பேடு கூறுகிறது. அயல்நாட்டு நடப்பை அறியாதவன் அரசுப்பணிக்குப் பயன்படான் என்ற தெளிவு அன்றே இருந்திருக்கிறது! ஆனால் 95 இடங்களும் ஒரே வருணத்தாருக்கு உரியவை. ஏனையோர்க்கு அச்சாலையின் கதவு திறக்கவில்லை. திருவிதாங்கூரில் புலையர் குழந்தைகள் தொடக்கப்பள்ளியில் கால்வைப்பதற்கே அய்யன்காளி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போராட வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பின் இக்கொள்கை தேசீய அளவில் உருப்பெற்றது. 1961-ல் சம்பூர்ணானந்தர் தலைமையில் உணர்ச்சி ஒருமைப்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. 1959 முதல் தோன்றிய பிராந்தியப் பொறியியற் கல்லூரிகளில் பாதி இடங்கள் பிற மாநில மாணவர்க்கென ஒதுக்கப்பட்டன. திருச்சியிலும் கோழிக்கோட்டிலும் பயின்ற பல்லாயிரம் பொறியாளர்கள் இந்த ஏற்பாட்டின் விளைவாகவே முதன்முறையாகத் தம் மாநில எல்லையைக் கடந்தவர்கள். 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் வழிவந்த நவோதய வித்தியாலயங்களிலோ, ஒன்பதாம் வகுப்பு மாணவரில் 30 சதவீதத்தினரை ஓராண்டுக் காலம் வேறு மொழிப் பகுதியிலுள்ள பள்ளிக்கு அனுப்பும் முறை வகுக்கப்பட்டது.

இதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. இந்தியாவில் மாநில எல்லை என்பது நிலப்படத்தில் வரைந்த கோடு மட்டுமன்று. மக்களின் நடமாட்டத்தைத் தடுக்கும் வேலியாகவும் அது செயற்படுகிறது. உலக வங்கி ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே மாநிலத்திலுள்ள அண்டை மாவட்டங்களுக்கிடையே நிகழும் குடிபெயர்வு, எல்லைக்கு இருபுறமும் உள்ள அண்டை மாவட்டங்களுக்கிடையே நிகழ்வதைவிடக் குறைந்தது 50 சதவீதம் அதிகம். பல்கலைக்கழகங்களிலும் அரசுப்பணிகளிலும் உள்ள மாநில முன்னுரிமைகளும், எல்லை தாண்டினால் செல்லுபடியாகாத நலத்திட்ட உரிமைகளும் அதற்குக் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. திறமை உள்ளவர் தேவை உள்ள இடத்திற்குச் செல்லத் தயங்கினால் நாட்டின் உற்பத்தித் திறன் குறைகிறது. வேற்று மொழிச் சூழலில் ஐந்தாண்டு வாழ்ந்து பழகியவருக்கு அத்தயக்கம் பெரும்பாலும் விலகிவிடுகிறது. இது உறைவிடக் கல்வியின் கணக்கில் எழுதப்படாத வருவாயாகும்.

பாடத்தின் உள்ளே நுழையும் பன்மை

பண்பாட்டுப் பன்மை என்றவுடன் பல கல்வி நிறுவனங்கள் ஓணத்தன்று பூக்கோலம், ஹோலியன்று வண்ணப்பொடி, ஆண்டு விழாவில் பல மாநில நடனங்கள் என்ற அளவில் திருப்தியடைந்துவிடுகின்றன. விழாக்கள் மகிழ்ச்சி தருபவை. அவற்றைக் குறைத்துப் பேசத் தேவையில்லை. ஆனால் வகுப்பறைக்குள்ளும் ஆய்வுக்கூடத்திலும் பன்மை என்ன செய்கிறது என்பதே பல்கலைக்கழகத்திற்கு உரிய வினா.

ஓர் எடுத்துக்காட்டாக, மழையைப் பற்றிய பாடத்தைக் கொள்ளலாம். ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தை அடைகிறது. வித்துராவில் வளர்ந்த மாணவருக்கு மழைக்காலம் என்றால் இடவப்பாதி, அதாவது ஜூன். அதே அகத்திய மலையின் கிழக்குச் சரிவில், அம்பாசமுத்திரத்தில் வளர்ந்த மாணவருக்கு ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம்; தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. இராஜஸ்தானத்து மாணவருக்கோ மழை என்பது ஆவணியை ஒட்டிய சில வாரங்களில் வந்தால் வரவு. ஒரே மலையின் இருபுறமும் வளர்ந்த இருவர் ‘மழைக்காலம் எப்போது?’ என்ற எளிய கேள்விக்கு முரணான விடை கூறும்போது, மலைமறைவு மழைப்பகுதி என்ற புவியியற் கருத்து பாடப்புத்தகத்தின் வரைபடத்திலிருந்து இறங்கி வகுப்பறைக்குள் வந்துவிடுகிறது. மூவரும் ஒரே ஊரினராயிருப்பின் கேள்வியே பிறந்திராது.

பஞ்சாங்கம் இதைவிடச் சுவையானது. ஆண்டு எப்போது பிறக்கிறது என்று ஒரு விடுதியில் கேட்டால், தமிழ் மாணவர் சித்திரை முதல் நாள் என்பார். மலையாளி கொல்லம் ஆண்டு சிங்கமாதத்தில் பிறப்பதைக் குறிப்பிட்டு, மேடத்தில் விஷு கொண்டாடுவதையும் சேர்த்துச் சொல்வார். குஜராத்தியருக்கு அது தீபாவளிக்கு மறுநாள். ஆந்திர மாணவருக்கு யுகாதி. சூரியனின் ஓட்டத்தை மட்டும் பின்பற்றும் முறைகளும், சந்திரனையும் சேர்த்துக்கொள்ளும் முறைகளும் நாட்டில் கலந்து வழங்குகின்றன. சூரிய முறையைப் பின்பற்றுவோருக்குள்ளேயும் ஒற்றுமை இல்லை. சூரியன் இராசி மாறும் நேரம் சூரியன் மறைவதற்கு முன் அமைந்தால் அன்றே மாதப்பிறப்பு என்பது தமிழர் விதி. பகற்பொழுதின் ஐந்தில் மூன்று பங்கு கழிவதற்குள் அமைந்தால்தான் அன்று மாதப்பிறப்பு என்பது கேரள விதி. நேரம் எதுவாயினும் அன்றே என்பது ஒடிய விதி. நள்ளிரவைக் கொண்டு கணித்து மறுநாளோ அதற்கடுத்த நாளோ என்பது வங்காள விதி. இதனால்தான் ஒரே சங்கராந்தியை வைத்து நான்கு பகுதியினர் வெவ்வேறு நாள்களில் மாதத்தைத் தொடங்குகின்றனர். 1952-ல் மேகநாத சாகா தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு நாட்டில் ஏறத்தாழ 30 பஞ்சாங்க முறைகளை எதிர்கொள்ள நேர்ந்தது. அதன் அறிக்கையின் விளைவாக 1957 மார்ச் 22 முதல் தேசீய சக ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பௌதிகப் பேரறிஞர் ஒருவர் ஏன் பஞ்சாங்கத்தில் காலத்தைச் செலவிட்டார் என்பதை, நான்கு மாநிலத்து மாணவர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து தத்தம் பாட்டி கூறிய கணக்கைச் சரிபார்க்கும்போது எளிதில் உணரலாம். அயன இயக்கம், நட்சத்திர ஆண்டு, பருவ ஆண்டு ஆகியவற்றுக்கிடையேயான வேறுபாடு அத்தனையும் அவ்வொரு மேசையிலிருந்தே கற்பிக்கத் தக்கவை.

விடுதிச் சமையற்கூடமும் ஒரு பாடசாலையே. மாதக் கட்டணம் ஒன்று. சோறு வேண்டுவோரும் சப்பாத்தி வேண்டுவோரும், மீனின்றி உண்ணாதோரும் வெங்காயமும் விலக்குவோரும் பலர். உணவுக் குழுவில் ஓராண்டு பணியாற்றிய மாணவர், வரம்புக்குட்பட்ட வரவுசெலவில் மாறுபட்ட விருப்பங்களை இணக்குவது எத்தகைய தொழில் என்பதைப் பொதுநிதி பற்றிய பல நூல்களைப் படித்தவரைவிட நன்கு அறிந்திருப்பார்!

அருகில் இருத்தலும் கூடி உழைத்தலும்

மேற்கூறிய நன்மைகள் சேர்க்கைப் பட்டியலைத் தயாரித்த மறுநாளே தாமாக வந்துவிடுவதில்லை. இந்தக் கட்டுரைப் பொருளில் நிர்வாகிகள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய பகுதி இதுவே.

அமெரிக்க உளவியலறிஞர் கோர்டன் ஆல்போர்ட் 1954-ல் வெளியிட்ட நூலில், மாறுபட்ட குழுவினரிடையே தொடர்பு ஏற்பட்டால் தப்பெண்ணம் குறையும் என்றார். ஆனால் சமநிலை, பொதுக் குறிக்கோள், ஒத்துழைப்பு, அதிகார அமைப்பின் ஆதரவு ஆகிய நான்கும் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையையும் அவர் விதித்தார். நிபந்தனையை மறந்து முதற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதே வழக்கமாகிவிட்டது.

நம் நாட்டில் நடைபெற்ற இரு ஆய்வுகள் இதனைத் தெளிவாக்குகின்றன. பொருளாதார அறிஞர் மேட் லோ, உத்தரப்பிரதேச கிராமங்களில் பல சாதி இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகளை நடத்தி, அதன் முடிவுகளை 2021-ல் வெளியிட்டார். யார் எந்த அணி என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. ஒரே அணியில் பிற சாதியினருடன் ஆடியவர்களிடம் சாதி கடந்த நட்பு பெருகியது. தம் சாதியினர்க்குச் சலுகை காட்டும் போக்கும் குறைந்தது. எதிரணியில் மட்டும் பிற சாதியினரைச் சந்தித்தவர்களிடம் நிலைமை நேர்மாறாகி, பழக்கம் பொதுவாகக் குறையவே செய்தது. அதே மைதானம், அதே ஆட்டம், அதே மனிதர்கள். அணி அமைந்த விதம் ஒன்றே வேறு.

மற்றோர் ஆய்வு தில்லிப் பள்ளிகளைப் பற்றியது. சலுகை விலையில் நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் 2007 முதல் ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. இம்மாற்றத்தால் செல்வர் வீட்டுப் பிள்ளைகளிடம் ஏற்பட்ட விளைவைக் கௌதம் ராவ் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார். ஏழை வகுப்புத் தோழர்களுடன் பயின்ற செல்வர் குழந்தைகள் அதிக ஈகை உள்ளவர்களாகவும், ஏழைகளிடம் பாகுபாடு காட்டுவதில் குறைந்தவர்களாகவும் காணப்பட்டனர். ஆங்கில மதிப்பெண்ணில் மட்டும் சிறு சரிவு. வகுப்பறை ஒழுங்கிலும் சிறிது தளர்வு. நன்மையை மட்டும் காட்டிச் செலவை மறைக்காதது இவ்வாய்வின் சிறப்பு. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்கள் பெயரின் அகரவரிசைப்படி அமைக்கப்பட்டிருந்தன. ஆகவே பெயரின் முதலெழுத்து காரணமாக ஏழைத் தோழருடன் சேர நேர்ந்தவர்களையும் நேராதவர்களையும் ஒப்பிட முடிந்தது. ஒரே வகுப்பில் இருந்ததனாலன்றி, ஒரே குழுவில் சேர்ந்து பணியாற்றியதனாலேயே விளைவின் பெரும்பகுதி ஏற்பட்டது என்பது அதனால் புலனாயிற்று.

ஒரு பதிவேட்டு வரிசை இவ்வளவு செய்யுமாயின், உயர்கல்வி நிறுவன அலுவலகங்கள் வருகைப் பதிவேட்டையும் அறை ஒதுக்கீட்டுப் பட்டியலையும் எழுத்தர் வேலை என்று ஒதுக்கிவிட இயலாது. நுழைவுத் தேர்வின் தரவரிசைப்படி பதிவெண் அளிக்கப்பட்டு, அவ்வெண்களின் வரிசையில் ஆய்வுக்கூட இணைகள் அமைக்கப்பட்டால், ஒதுக்கீட்டுப் பிரிவினர் ஒரு கோடியிலும் மற்றையோர் மறு கோடியிலும் நிற்பர். பதிவெண்ணே சாதிச் சான்றிதழாகிவிடும். அகரவரிசையோ குலுக்கலோ அத்தீங்கைச் செலவின்றி நீக்கும். விடுதி அறைகளும் அவ்வாறே. முதலாண்டில் விருப்பத்திற்கு விட்டால் மொழிவாரியாக அறைகள் அமைவது இயல்பு. வீட்டை விட்டு வந்த முதல் மாதத்தில் தாய்மொழி கேட்க விரும்புவது குற்றமன்று. முதலாண்டில் நிறுவனமே கலந்து ஒதுக்கி, பின்னைய ஆண்டுகளில் விருப்பத்திற்கு விடுவது நடுநிலையான வழி.

இதனை விருப்பத்திற்கே விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் எழுந்த முறையீடுகளை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007-ல் அளித்த அறிக்கையில், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் தொல்லை தாங்காது விடுதியின் சில தளங்களில் ஒதுங்கி வாழ நேர்ந்ததைப் பதிவு செய்தது. சேர்க்கையில் பன்மை இருந்தது; கல்வியில் அது இல்லை. வடகிழக்கு மாநில மாணவர்கள் பெருநகரங்களில் பட்ட துன்பமும் இத்தகையதே. 2012 ஆகஸ்டில் வதந்தியைக் கேட்டஞ்சிய ஆயிரக்கணக்கானோர் பெங்களூரிலிருந்து இரயிலேறித் திரும்பினர். 2014-ல் அறிக்கை அளித்த பெஸ்பரூவா குழு, வடகிழக்கின் வரலாறும் பண்பாடும் நாடெங்கும் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பதைத் தன் பரிந்துரைகளுள் ஒன்றாக வைத்தது. அருகில் இருந்தும் அறியாமை நீங்காத நிலைமைக்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

தொகை மிகச் சிறிதாயிருப்பதும் ஓர் இடர். ஒரு வகுப்பில் ஒரே ஒரு மிசோ மாணவரோ ஒரே ஒரு காணிக்கார மாணவரோ இருப்பாராயின், அவர் தமக்காகப் பேசும் உரிமையை இழந்து தம் சமூகம் முழுவதற்கும் பிரதிநிதியாக்கப்படுகிறார். ஒவ்வொரு விழாவிலும் ஆடச் சொல்லப்படுகிறார். ஒவ்வொரு விவாதத்திலும் விளக்கம் கேட்கப்படுகிறார். மற்றவர்கள் கற்றுக்கொள்வதற்காக ஒருவர் களைத்துப்போவது நேர்மையான ஏற்பாடாகாது. 2021-22-ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வி பயில்வோர் 4.33 கோடி, இவர்களுள் பழங்குடியினர் 27.1 இலட்சம். 2014-15-ல் அவர்கள் 16.41 இலட்சமாக இருந்ததை நோக்க இது நல்ல வளர்ச்சியே. எனினும் மொத்தத்தில் அவர்தம் பங்கு ஏறத்தாழ 6.3 சதவீதம். 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி மக்கள் தொகையில் அவர்தம் பங்கு 8.6 சதவீதம்.

மொழிச் சிக்கலும் உண்டு. பயிற்றுமொழி ஆங்கிலம். தாய்மொழி வழியில் பள்ளிக்கல்வி பெற்றவர், மலையாளியாயினும் மராத்தியராயினும், முதற்பருவத்தில் வாயடைத்து நிற்பதுண்டு. ஆங்கிலம் சரளமாகப் பேசுவோர் அறிவில் மிக்கவர் என்ற மயக்கம் அப்போது வகுப்பில் பரவுகிறது. கற்பிக்கப்படும் கருத்தைத் தத்தம் தாய்மொழியில் விளக்கிக்கொள்ள மாணவர்க்கு இடமளித்தாலே இம்மயக்கம் பெரிதும் கலையும். உட்கரு, விசை, முடுக்கம் என்பனவற்றை ஒருவர் தமிழிலும் மற்றவர் இந்தியிலும் சொல்லிப் பார்க்கும்போது, தமக்கு எது விளங்கவில்லை என்பது இருவருக்குமே தெரியவருகிறது.

வளாக வாயிலுக்கு வெளியே

பண்பாட்டுப் பன்மையை மாணவர் பட்டியலுக்குள் அடக்கிவிடுவது மற்றொரு குறை. வித்துராவில் பயிலும் மாணவர் நாட்டின் இருபது மாநிலத்தவருடன் பழகிவிட்டு, வாயிலுக்கு வெளியேயுள்ள காணிக்காரரை அறியாமலே பட்டம் பெற்றுச் செல்லக்கூடும். ஆனால் அறிவியலில் பன்மையின் மதிப்பையும், அதற்குச் செலுத்த வேண்டிய விலையையும் உலகுக்குக் காட்டிய ஒரு நிகழ்ச்சி இம்மலைகளில்தான் நடைபெற்றது.

1987-ல் இனத்தாவரவியல் பற்றிய அகில இந்திய ஆய்வுத் திட்டத்தின்கீழ் டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் அறிவியலாளர்கள் அகத்திய மலைக் காடுகளுக்குச் சென்றனர். வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஒரு சிறுசெடியின் கனிகளை உண்டு, களைப்பின்றி நடந்ததை அவர்கள் கவனித்தனர். செடியை அடையாளம் காட்டக் காணிக்காரர்கள் முதலில் தயங்கினர். அது வெளியாரிடம் கூறத்தகாத இரகசியம். பின்னர் நம்பிக்கை ஏற்பட்டதும் காட்டிக் கொடுத்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை, தாவரவியலார் டிரைக்கோபஸ் ஜெய்லானிகஸ் என்று அழைக்கும் செடியின் திருவிதாங்கூர் வகை. அது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட செடியன்று. தாவரவியல் நூல்களில் அதன் பெயர் முன்னரே இருந்தது. பெயர் தெரிந்தோர்க்குப் பயன் தெரியவில்லை. பயன் தெரிந்தோர்க்கு ஆய்வுக்கூடம் இல்லை. இரு வேறு அறிவு மரபினர் ஒரே காட்டுப்பாதையில் சேர்ந்து நடந்ததனால்தான் இரண்டும் இணைந்தன.

வித்துராவுக்கு அண்மையில் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், இச்செடியுடன் வேறு மூன்று தாவரங்களையும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1990-களின் நடுப்பகுதியில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்ய வைத்திய மருந்தகத்திற்கு, 10 இலட்ச ரூபாய் உரிமக் கட்டணத்திற்கும் விற்பனையில் 2 சதவீத உரிமைத் தொகைக்கும் ஏழாண்டுகளுக்கு உரிமம் வழங்கப்பட்டது. இத்தொகைகளில் பாதியைக் காணிக்காரர்க்கு அளிக்க நிறுவனம் முடிவு செய்தது. அதற்கென 1997-ல் கேரள காணி சமுதாய க்ஷேம அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. பல்லுயிர்ப் பெருக்கம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை 1992-ல் வகுத்த பயன்பகிர்வு நெறியை நடைமுறையில் காட்டிய முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாக இது உலகெங்கும் பாராட்டப்பட்டது. நம் நாட்டில் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002-ல்தான் வந்தது என்பதை நோக்க, இதன் துணிவு விளங்கும்.

பாடநூல்களில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது. மாணவர்க்குப் பயன்படும் பகுதி இதன் பின்னரே தொடங்குகிறது. அறிவியலாளர்களுடன் பழகியவர்கள் குற்றிச்சல் பகுதிக் காணிக்காரர்கள். வித்துரா, பெரிங்ஙமலை ஊராட்சிப் பகுதிகளில் வாழ்ந்த காணிக்காரர்கள் இவ்வேற்பாட்டில் தங்களைக் கலந்து பேசவில்லை என்று வருந்தினர். பிலாத்தி எனப்படும் அவர்தம் மருத்துவர்களுள் வித்துராப் பகுதியைச் சேர்ந்தோர், தங்கள் அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்பதை எதிர்த்து 1995-ல் மாநில முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினர். வனத்துறையினரும், காட்டிலிருந்து இச்செடியைச் சேகரிப்பதால் அது அழிந்துவிடும் என்று கவலை தெரிவித்தனர். மூலப்பொருள் கிடைப்பதே அதனால் தடைப்பட்டது.

ஒரு சமூகத்தின் அறிவு யாருடையது? அதைச் சொன்ன இருவருடையதா, மருத்துவ மரபைப் பேணிவரும் பிலாத்திகளுடையதா, கேரளத்திலும் எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் சிதறி வாழும் காணிக்காரர் அனைவருடையதா? நல்லெண்ணத்துடன் செயற்பட்ட அறிவியலாளர்களே இவ்வினாவில் இடறினர் என்றால், அவர்களிடம் அக்கறை இல்லை என்பது பொருளன்று. தம்முடன் பேசியவர்களை முழுச் சமூகமாகக் கருதியதே அவர்கள் செய்த பிழை. வகுப்பில் உள்ள ஒரே மிசோ மாணவரை மிசோரம் முழுவதுமாகக் கருதும் பிழையும் இதுவும் ஒன்றே.

இப்பிழையை இருபது வயதில், விடுதி அறையிலும் ஆய்வுக்கூடத்திலும் செய்து, தோழரால் திருத்தப்பட்டவர் நாற்பது வயதில் மாவட்ட ஆட்சியராகவோ ஆராய்ச்சித் தலைவராகவோ அமரும்போது அதை மீண்டும் செய்வது அரிது. தம் ஊராரிடையே மட்டும் வாழ்ந்து பட்டம் பெற்றவர், அப்பாடத்தைப் பொதுமக்களின் செலவில் பதவியிலிருந்துகொண்டு கற்க நேர்கிறது.

பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைய வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் முக்கியப் பணி. மலையடிவார ஊராட்சி ஒன்றில் இப்பதிவேட்டைப் புதுப்பிக்கும் பணிக்கு உயிரியல் மாணவரை அனுப்புவதாயின், ஒருவரை அனுப்புவது போதாது. செடியின் இலத்தீன் பெயரை அறிந்தவர் ஒருவர், பிலாத்தி பேசும் மலம்பாஷையில் பாதியாவது விளங்கிக்கொள்ளக்கூடிய மலையாளியோ தமிழரோ ஒருவர், இரண்டும் தெரியாததனால் மற்ற இருவரும் கேட்க மறந்ததைக் கேட்கும் வெளிமாநிலத்தவர் ஒருவர் என மூவர் சேர்ந்து செல்ல வேண்டியிருக்கும். பதிவேட்டின் முதற்கட்டத்தில் அவர்கள் எழுத வேண்டியது செடியின் பெயர். அடுத்த கட்டத்தில், அதைச் சொன்னவர் பெயரைக் குறிப்பிட அவர் இசைகிறாரா என்பது.